ஃபிங்கல் குகை, ஸ்டாஃபா தீவு, ஸ்காட்லாந்து

நீங்கள் மிதித்து வந்த கற்படிகளை எந்த உளியும் செதுக்கவில்லை. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடிய எரிமலைக் குழம்பு, மெல்ல ஆறிச் சுருங்குகையில் வெடிப்புவிட்டு, பெரும்பாலும் அறுகோணத் தூண்களாகப் பிளந்தது. அந்த வெடிப்புகளில் அலைகள் ஓயாமல் மோதிக் குடைந்ததே இந்தக் குகை.

சற்று நின்று கேளுங்கள். உள்ளே புகும் அலையின் ஓசையைக் குகையின் கூரை பெருக்கித் திருப்பித் தருகிறது. கேலிக் மொழியில் இதன் பெயரே ‘இன்னிசைக் குகை’. இசைமேதை மெண்டல்சன் 1829-இல் இங்கு வந்தார். அந்தப் பயணத்தில் பிறந்த அவரது ‘ஹெப்ரிடீஸ்’ இசைப்படைப்புக்கு ‘ஃபிங்கல் குகை’ என்ற பெயரும் உண்டு.

ஈரக்கல் வழுக்கும். பார்த்து அடியெடுத்து வையுங்கள். கடல் கொந்தளித்தால் உள்ளே போகாதீர்கள்.