தானமா... கடனா?

ஒருவனுடைய சொத்து மதிப்பு வீடு மாற்றும்போதுதான் தெரியும். எனக்குப் போன மாதம் தெரிந்தது.

சாமான் ஏற்ற வந்தவர் ஒரு மூட்டையைத் தூக்கினார். தூக்கிய வேகத்திலேயே கீழே வைத்தார்.

"என்ன சார் இது, செங்கல்லா? வாடகை வீட்டுக்குப் போறீங்களா, சொந்தமா கட்டப் போறீங்களா?"

"புத்தகம்ப்பா!"

"ஓ... பழைய பேப்பரா!"

மொத்தம் ஆறு மூட்டை. பாதி அப்பாவுடையது. அவர் போய் நாலு வருஷமாகிறது. மீதி, நான் பி.காம். படித்த காலத்துப் புத்தகங்கள். எடைக்குப் போட மனசு வரவில்லை. புது வீட்டில் பரணும் இல்லை.

"லைப்ரரிக்குக் கொடுத்துடுங்களேன். புண்ணியமாவது சேரும்" என்றாள் மனைவி.

அவ்வளவுதான், எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த வள்ளல் எழுந்து உட்கார்ந்துவிட்டான். பாரி தேரைக் கொடுத்தான். நான் ஆறு மூட்டை கொடுக்கிறேன். சுவரில் சின்னதாக ஒரு பெயர்ப்பலகை... வேண்டாம் வேண்டாம் என்று நான் மறுக்க, அவர்கள் வற்புறுத்தி மாட்ட... இந்தக் கற்பனையோடு ஆட்டோவில் போய் கிளை நூலகத்தில் இறங்கினேன்.

நூலகர் ஐம்பது வயதுப் பெண்மணி. மூட்டைகளைப் பார்த்ததும் அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த ஆனந்தக் கண்ணீர் வரவில்லை. முதல் மூட்டையைப் பிரித்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். மறைமுக வரிகள்!

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது தானமா, இடமாற்றமா?"

எனக்குப் புரியவில்லை.

"இதுல விற்பனை வரி, சேவை வரின்னு போட்டிருக்கு. 2017 ஜூலையிலேயே ஜி.எஸ்.டி. வந்தாச்சே. இதைப் படிச்சுட்டு ஒரு பையன் பரீட்சை எழுதினா என்ன ஆவான்?"

என்ன ஆவான்? என்னை மாதிரி பத்திரிகைக்கு எழுத வந்துவிடுவான்!

"உங்க வீட்ல இடம் இல்லேன்னு எங்க வீட்ல வைக்கிறீங்க. எங்களுக்கு மட்டும் இடம் இருக்கா?" என்று சிரித்தபடியே அலமாரிகளைக் காட்டினார். உண்மைதான். அட்டைப்பெட்டிகள் ஜன்னல்வரை அடுக்கியிருந்தன. எல்லாம் என்னைப் போன்ற வள்ளல்களின் கைங்கர்யம்.

வாசிப்பு மேஜையைப் பார்த்தேன். ஏழெட்டு இளைஞர்கள் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். பொது அறிவுப் புத்தகம் ஒன்றே ஒன்று. மூன்று பேர் அதற்காகக் காத்திருந்தார்கள். என்னுடைய ஆறு மூட்டையில் அவர்களுக்கு உதவுகிற புத்தகம் ஒன்றுகூட இல்லை.

இந்த இடத்தில் ஒரு பெரிய வள்ளலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஆண்ட்ரூ கார்னகி. ஸ்காட்லாந்தில் டன்ஃபெர்ம்லைன் என்ற ஊரில் 1835-ல் ஒரு நெசவாளிக்குப் பிறந்தவர். விசைத்தறி வந்து கைத்தறி படுத்ததும் குடும்பம் 1848-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. பையனுக்குப் பஞ்சாலையில் வேலை. வாரச் சம்பளம் 1 டாலர் 20 சென்ட். அப்புறம் தந்தி கொண்டு கொடுக்கும் பையனானார்.

அந்த ஊரில் கர்னல் ஆண்டர்சன் என்று ஒருவர். தன்னிடமிருந்த சுமார் 400 புத்தகங்களை, வேலைக்குப் போகும் பையன்கள் சனிக்கிழமைதோறும் இலவசமாக எடுத்துப் போகலாம் என்று திறந்துவிட்டார். அந்த நூலகம் வளர்ந்தது. கூடவே சட்டதிட்டமும் வளர்ந்தது. தொழில் பழகுநர்களுக்கு மட்டும்தான் இலவசம், மற்றவர்கள் 2 டாலர் சந்தா கட்ட வேண்டும் என்றார்கள். தந்திப் பையன் எங்கே போவான் 2 டாலருக்கு?

கார்னகி என்ன செய்தார் தெரியுமா? 1853-ல் பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதினார்! நூலகம் இறங்கி வந்தது. வாசகர் கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று பேனாவை மூடி வைக்கிறவர்கள் கவனிக்க.

அந்தப் பையன்தான் பிற்பாடு எஃகு சாம்ராஜ்யம் கட்டி, 1901-ல் அதை 48 கோடி டாலருக்கு விற்றார். உலகம் முழுக்க அவர் பணத்தில் எழுந்த நூலகங்கள் 2,509.

ரொம்ப நல்லவர் என்று உடனே கையெடுத்துக் கும்பிட்டுவிட வேண்டாம். 1892-ல் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொழிலாளிகள் நின்றார்கள். நிர்வாகம் துப்பாக்கியோடு கூலிப்படையை இறக்கியது. இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் ஓய்வில் இருந்தார். அதே ஹோம்ஸ்டெட்டில் 1898-ல் அவருடைய நூலகம் திறக்கப்பட்டது. தினம் 12 மணி நேரம் உலைமுன் வெந்தவன் எப்போது புத்தகத்தைப் பிரிப்பான்? ஆபீஸிலிருந்து ராத்திரி எட்டரைக்குக் கிளம்புகிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் நியாயம் புரியும். அவர் பணமே வேண்டாம் என்று மறுத்த ஊர்களும் உண்டு.

ஆனால் கார்னகியிடம் ஒரு காமர்ஸ்காரன் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. அவர் பொதுவாகக் கட்டடத்துக்குத்தான் பணம் கொடுத்தார். இடம் ஊர்க்காரர்கள் தர வேண்டும். அதோடு, அவர் கொடுத்த தொகையில் 10 சதவீதத்தை ஊர் வருஷாவருஷம் நூலகத்துக்குச் செலவிட வேண்டும். 10,000 டாலர் கொடுத்தால், வருஷம் 1,000 டாலருக்கு ஊர் பொறுப்பு. மூலதனம் என்னுடையது, நடப்புச் செலவு உன்னுடையது! யானையைத் தானமாகக் கொடுக்கும்போதே தீனிக்கு யார் பொறுப்பு என்று கேட்டு வைத்துக்கொண்டார்.

நம்மூர்ச் சங்கதிக்கு வருவோம். சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது சென்னை மாகாணம்தான், 1948-ல். அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். இன்றும் நம் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. கார்னகியும் 10 சதவீதம், நாமும் 10 சதவீதம்! அவருடையது கட்டடத் தொகைக்கு, நம்முடையது வரித் தொகைக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். சொத்து வரி 2,000 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 200. எனக்குச் சொத்து இல்லையே என்கிறீர்களா? கவலை வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் அதை வாடகையில் சேர்க்க மறந்திருக்க மாட்டார்.

ஆக, நூலகம் யாரோ போட்ட பிச்சையில் நடப்பதல்ல. நம் காசு. அதற்கு மேல் கொடுப்பதுதான் தானம். ரங்கநாதன் அப்படிக் கொடுத்தார். தன் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலக இயல் கற்பிக்கவென்று எழுதி வைத்தார். அலமாரியில் மிஞ்சிய பழசை அல்ல, தன் சம்பாத்தியத்தை!

இதையெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருந்தபோது நூலகர் அப்பாவின் மூட்டைக்கு வந்திருந்தார். சில புத்தகங்களைத் தேறும் என்று தனியே எடுத்து வைத்தார். திடீரென்று ஒன்றைப் புரட்டியவர், என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"சார், இது எங்க புத்தகம்."

எட்டிப் பார்த்தேன். குழந்தைகளுக்கான கணக்குப் புதிர்ப் புத்தகம். உள்ளே அதே நூலகத்தின் முத்திரை. திருப்பித் தர வேண்டிய தேதிச் சீட்டில் கடைசி வரி: 1994.

பக்கத்தைப் புரட்டினேன். சிவப்புக் கிரேயானில் ஒரு ரயில். பதினாலு பெட்டி, பதினாலு பக்கத்துக்கு. என் கைவண்ணம்தான். அப்போது எனக்கு ஆறு வயசு.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்து அங்கே கூட்டிப் போவார். திடீரென்று ஒருநாள் நிறுத்திவிட்டார். நான் டி.வி. பார்க்க ஆரம்பித்ததால்தான் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. அஞ்சு பைசா கணக்கு உதைத்தால் தூங்காத மனுஷன். கிறுக்கின புத்தகத்தை நீட்டி மன்னிப்புக் கேட்கக் கூச்சமா, விலையைக் கட்ட அந்த மாசம் கையில் காசில்லையா? யாரைக் கேட்பது? என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. புத்தகத்தை எங்கேயோ அடியில் போட்டு வைத்துவிட்டு, தனக்குப் பிடித்த இடத்துக்குப் போவதையே விட்டுவிட்டார்.

தானம் கொடுக்க வந்தவன் கடன்காரனாக நின்றேன். ஐந்தொகையில் சொத்துப் பக்கம் இருந்தது, ஒரே நிமிஷத்தில் பொறுப்புப் பக்கம் போய்விட்டது.

"அபராதம் எவ்வளவு மேடம்?" குரல் எனக்கே கேட்கவில்லை.

"முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அதை விடுங்க. இதைப் படிச்சிருக்க வேண்டிய பிள்ளைங்க எத்தனை பேரோ, அதுக்கு என்ன அபராதம் போடறது?" என்றார். கோபமாக அல்ல, சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால்தான் சுருக்கென்று தைத்தது.

ஆயிரம் ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர் ஆகலாம் என்றார். அப்பா பெயரைச் சொல்லிக் கட்டினேன். ஒரு ரசீது, அவ்வளவுதான். பெயர்ப்பலகை ஞாபகமே வரவில்லை. மறுநாள் புதுப் பதிப்புப் பொது அறிவுப் புத்தகம் மூன்று வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு முன்னால், "எது வேணும்?" என்று நூலகரைக் கேட்டுக்கொண்டேன். தானம் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஆறு மூட்டையில் நாலு, பழைய பேப்பர் கடைக்கே போயின.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளை அங்கே கூட்டிப் போனேன். அவளுக்கும் ஆறு வயசு. அவள் பெயரில் உறுப்பினர் அட்டை வாங்கினோம். வண்டியில் திரும்பும்போது சொன்னேன்:

"புத்தகத்துல கிறுக்கக் கூடாது, சரியா? அப்படியே கிறுக்கிட்டாலும் மறைக்காதே. ரெண்டு பேருமா போய்ச் சொல்லிடலாம்."

"ரயில் வரையலாமாப்பா?" என்றாள்.

திடுக்கிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினேன்!