ஐந்நூற்றோராவது யூனிட்

சர்க்கார் உதவி என்றதும் வருமானச் சான்றும், மனுவும், தாலுகா கச்சேரி வாசலுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவை எதுவும் வேண்டாத உதவி ஒன்றும் உண்டு. 2016-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி முதல்வர் ஜெயலலிதா பிறப்பித்த உத்தரவினால், தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசமாயிற்று. ஏழை, பணக்காரர் என்ற பேதம் பார்க்கவில்லை.

ஆனால், நேயர்களே, அந்தச் சலுகை மனிதருக்கன்று, மீட்டருக்கு! இரண்டு மீட்டர் வைத்துக்கொண்ட தனவந்தருக்கு 200 யூனிட் கிடைக்கும். ஒரே மீட்டரின் கீழ் மூன்று குடித்தனங்கள் இருந்தாலோ, மூன்றுக்குமாகச் சேர்ந்து 100 யூனிட்தான். அதுவும் வீட்டுக்காரர் மனம் வைத்தால்!

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. 2022 செப்டம்பர் 10-ந் தேதி அமலுக்கு வந்த விகிதப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவழித்த வீட்டுக்குக் கட்டணம் ரூ. 1,725 ஆக இருந்தது. 501 யூனிட் செலவழித்தாலோ ரூ. 1,958. அதாவது கடைசி ஒரு யூனிட்டின் விலை ரூ. 233! அப்போது யூனிட்டுக்கு 8 ரூபாய்தான் விகிதம். ஆயினும் எல்லையைத் தாண்டியவுடன், இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கொடுத்த ரூ. 225 சலுகை பறிபோய்விட்டது.

எல்லையைத் தாண்டுவோர் எல்லோரும் குளிர்சாதனப் பிரபுக்களா? புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ பாட்டி முதல் பேரன் வரை எட்டுப் பேர் ஒரே கூரையின் கீழ் வாழும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். சித்திரை வெயிலில் நான்கு மின்விசிறிகள் சுழலாமல் முடியுமா? அண்ணன் தம்பிகள் பிரிந்து தனி மீட்டர் வைத்தால் சலுகை, ஒற்றுமையாயிருந்தால் அபராதம்!

மின்சாரம் சுகபோகம் என்ற எண்ணமும் தவறு. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் கம்பங்களைச் சாய்த்தபோது, இந்த ஜில்லாவின் கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. மோட்டார் ஓடாமல் குடிதண்ணீருக்கும் தவித்தன.

ரேஷன் அரிசி அளக்கும்போது தலைகளை எண்ணும் சர்க்கார், மின்சாரச் சலுகையிலும் தலைகளை எண்ணினால் என்ன? குடித்தனக்காரருக்குத் தனி மீட்டர் கொடுக்கும்படி வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்தினால் என்ன? இவ்விரண்டும் நடந்தால்தான் உதவி உரியவரை அடையும்.

அதுவரையில் இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை: கணக்கெடுக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்பே மீட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்த ஒரு பார்வைக்கு நல்ல மதிப்புண்டு!