பரண்ல தூங்கும் டிவி கேம்

மதுரை டவுன்ஹால் ரோட்டுல வாங்கின பழைய டிவி கேம் உங்க வீட்டுப் பரண்ல கிடக்கா? தூக்கிப் போட்டுடாதீங்க! அப்போ நம்மூர்ல வித்த கேசட் டிவி கேம்கள் பெரும்பாலும், 1983-ல் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள்தான். உள்ளே சுழலும் பாகமே கிடையாது. அதனால் தேய்மானம் குறைவு.

கேசட் ஓடலைன்னா வாயால ஊதுவோம்ல? அது தப்பு. எச்சில் ஈரம் கான்டாக்ட்டை அரிச்சிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல நனைச்ச பஞ்சால் துடைங்க. பட்டன் வேலை செய்யலையா? ஸ்க்ரூவைக் கழட்டி, ரப்பருக்கு அடியில் இருக்கும் கார்பன் பொட்டையும் லேசா துடைங்க.

ஒரே குறை, பெட்டி மாதிரி இருக்கும் ஜாய்ஸ்டிக்கின் மூலை உள்ளங்கையில் குத்தும். 1994-ல் வந்த பிளேஸ்டேஷன் கைக்கு அடங்கும் பிடியைக் கொடுத்தது. கூடவே மோட்டாரும் லேசர் லென்ஸும் வந்துச்சு. சொகுசு கூடுச்சு, ரிப்பேரும் கூடுச்சு. உங்க அடுத்த புராஜெக்ட்டுக்கு டிசைன் போடும்போது இதை ஞாபகம் வெச்சுக்கோங்க!