பூத்தையலின் கடைசி வேலை

ஒரு மேசைவிரிப்பில் பூத்தையல் போட்டு முடிக்கப் பல வாரங்கள் ஆகும். முடித்து, வட்டச் சட்டத்தைக் கழற்றியதும் என்ன காண்கிறோம்? பூக்களைச் சுற்றித் துணி சுருங்கியிருக்கிறது. சட்டத்தின் தழும்பு தெரிகிறது. ஒரு மூலை கோணலாக இழுக்கிறது. உழைப்பு வீணாகிவிட்டதா? இல்லை. கடைசி வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அதைச் செய்வது ஊசியன்று, தண்ணீர்!

குழித்துறை வட்டாரத்தார் ஊசி வேலையின் அருமையை அறிவார்கள். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் என்ற ஆங்கில அம்மையார் அங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் அந்த வருவாயைக் கொண்டே தம் விடுதலையைப் பெற்றனர். பின்னர் நெய்யூர் முதலிய ஊர்களிலும் லேஸ், பூத்தையல் வேலைகள் பரவின. கைத்தொழில் சோறு போடும் இடத்தில், கறையும் கோணலும் கூலியையே கெடுத்துவிடும்.

துணி ஏன் கோணுகிறது?

பருத்தி இழை பெரும்பாலும் செல்லுலோஸ் என்னும் நீண்ட மூலக்கூறுகளால் ஆனது. அருகருகே உள்ள இம்மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. ஆகவே மடிப்பு விழுந்தால் அப்படியே நிற்கிறது. தண்ணீர் உள்ளே புகுந்ததும் இப்பிணைப்புகள் பல விடுபடுகின்றன, இழைகள் இளகுகின்றன. உலரும்போது புதிய பிணைப்புகள் உண்டாகின்றன. துணி எந்த வடிவில் உலர்கிறதோ, அந்த வடிவே நிலைக்கிறது. இரகசியம் இதுதான்!

செய்யும் முறை

முதலில் சாயத்தைச் சோதியுங்கள். ஈரமான வெள்ளைத் துணியைத் தையலின் பின்புறம் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் துணியைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது.

சாயம் போகாதெனில், மென்மையான சோப்பு நீரில் அலசுங்கள். மாதிரி வரையப் பயன்பட்ட நீலப்பொடியும் கை வியர்வையும் நீங்கட்டும். அழுக்கோடு இஸ்திரி போட்டால் கறை அழுத்தமாகப் பற்றிக்கொள்ளும். பிழியாதீர்கள்; தடித்த துண்டில் சுருட்டி அழுத்தினால் போதும்.

பிறகு துணியைப் பலகைமேல் விரித்து, நான்கு பக்கமும் இழுத்து ஊசி குத்துங்கள். இரும்பு ஊசி துருவேறிக் கறைபடுத்தும். பித்தளை ஊசி நல்லது. எதிர்ப்பக்கங்கள் சமமாக உள்ளனவா என்று பாருங்கள். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளங்கள். அவையும் சமமானால் துணி சரியான செவ்வகம். ஒன்று நீளமாக இருந்தால் மற்றதன் திசையில் இழுங்கள். பள்ளியில் படித்த வடிவியல் இங்கே உதவுகிறதல்லவா?

நன்றாக உலரும்வரை ஊசிகளை எடுக்காதீர்கள். தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் இப்பகுதியில் அவசரம் ஆகாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். விறைப்புக்காகப் போடும் கஞ்சியும் பூஞ்சணத்துக்கு உணவே. நெடுநாள் பெட்டியில் வைக்கும் துணிக்குக் கஞ்சி வேண்டாம்.

இறுதியில், தடித்த துண்டின்மேல் பூக்களைக் கவிழ்த்து வைத்துப் பின்புறம் இஸ்திரி போடுங்கள். தையல் துண்டுக்குள் அமிழ்வதால் பூ நசுங்காது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டு பருத்தித் துண்டுகளை நனையுங்கள். ஒன்றைக் கசக்கியும் மற்றொன்றை இழுத்துக் குத்தியும் உலரவிடுங்கள். துணியின் வடிவம் உலரும் வேளையில் முடிவாவதைக் கண்ணாரக் காண்பீர்கள்.