ஏழை யாத்ரீகரும் ஒரு பழைய ராஜதானியும்

ராஜதானி நகரங்களைக் காண விரும்பும் நம்மவர் தில்லிக்கும் ஹம்பிக்கும் செல்லப் பணம் சேர்க்கின்றனர். கையில் பொருளில்லாதவரோ அந்த ஆசையையே விட்டுவிடுகின்றனர். விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதையிலுள்ள திருவண்ணாமலையும் ஒரு காலத்தில் ராஜதானியாக விளங்கிற்று என்பதை இவர்களில் எத்தனை பேர் அறிவர்?

ஹொய்சள மன்னரின் துவாரசமுத்திரத்தை 1311-ல் மாலிக்காபூர் தாக்கினான். பின்னர், 1327-ஐ ஒட்டி நிகழ்ந்த துக்ளக் படையெடுப்பில் அந்நகர் பாழாயிற்று. மூன்றாம் வீர வல்லாளன் மனந்தளரவில்லை. அண்ணாமலையின் அடிவாரத்தைத் தன் ராஜதானியாக்கிக் கொண்டு போரைத் தொடர்ந்தான். முதுமையிலும் களம் புகுந்து, கண்ணனூர்க் கொப்பத்தில் மதுரைச் சுல்தானோடு பொருது, சுமார் 1342-ல் உயிர் துறந்தான். அப்போது அவனுக்கு எண்பது வயது கடந்திருந்ததென்றும், வைக்கோல் திணித்த அவனது தோல் மதுரை மதிலில் தொங்கியதைத் தாம் கண்டதாகவும் எழுதி வைத்தவர் மொராக்கோ தேசத்து யாத்ரீகர் இபின் பதூதா. வழிப்போக்கர் ஒருவர் கண்ணைத் திறந்து வைத்திருந்ததால் நமக்குக் கிடைத்த சரித்திரம் இது.

இவ்வூரில் அரைநாள் தங்குவோர் கீழை வாயில் வழியே கோயிலுக்குள் செல்லட்டும். முதலில் நிற்பது 217 அடி உயர ராஜகோபுரம். பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் தொடங்கிய திருப்பணி. அடுத்தது வல்லாள கோபுரம். அம்மன்னனின் சிலை அங்கே உண்டு. அதற்கப்பால் சோழர் காலத்துக் கிளி கோபுரம். உள்ளே நடக்க நடக்கக் காலம் பின்னோக்கிச் செல்கிறது. இதற்குக் காலணா செலவில்லை. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் நடப்பவர் அனைவருக்கும் பொது.

மகனில்லாத வல்லாளனுக்கு ஈசனே மகனானார் என்பது தலபுராணம். மாசிமகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் சுவாமி இன்றும் அவனுக்குத் திதி கொடுக்கிறார். சரித்திரமோ, அவனுக்குப் பின் அவன் மகனே பட்டமேறினான் என்கிறது. இரண்டையும் அறிந்து செல்வதே யாத்திரைக்கு அழகு.

பொருளுள்ளவருக்கு வழிகாட்டியும் வாகனமும் எளிதில் கிட்டும். ஏழை யாத்ரீகருக்குத் துணை யார்? மாநகராட்சியாரும் கோயில் நிர்வாகத்தாரும் இவ்வரலாற்றைச் சிறு பிரசுரமாக்கி, ரயிலடியிலும் பஸ் நிலையத்திலும் இலவசமாக வழங்க வேண்டும். ஊர் இளைஞர்கள் பௌர்ணமிதோறும் சில மணி நேரம் வல்லாள கோபுர வாயிலில் நின்று வருவோருக்கு எடுத்துச் சொல்லலாம். சொந்த நாட்டின் சரித்திரம் செல்வர்க்கு மட்டும் உரிய பண்டமாகிவிடக் கூடாது.