ட்ரெய்னரே இல்லாத ட்ரெய்னிங்: ஒரு நூலகமும் 23 விஷயங்களும்

இன்னைக்கு கொஞ்சம் பழைய கதை. 2006 ஆகஸ்ட் மாசத்துக்குப் போகணும். ஐபோன் வரலை. ட்விட்டர் பொதுமக்களுக்குத் திறந்து சில வாரம்தான் ஆகுது. ஃபேஸ்புக் இன்னும் எல்லாருக்கும் திறக்கலை. யூட்யூபை கூகுள் வாங்கலை. அந்த நேரத்துல அமெரிக்காவுல, வட கரோலினா மாநிலத்தோட சார்லட் நகரத்துல, பொது நூலகம் தன்னோட ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி ஆரம்பிச்சது. பேரு 'லேர்னிங் 2.0'. ஆனா உலகம் முழுக்க '23 திங்ஸ்'னு சொன்னாதான் தெரியும்.

நூலகக்காரங்க கதை நமக்கு எதுக்குன்னு கேப்பீங்க. ஆபீஸ்ல வருஷா வருஷம் ஒரு ஆன்லைன் ட்ரெய்னிங் வருமே, வீடியோவை மியூட் பண்ணிட்டு 'நெக்ஸ்ட்' அமுக்கிட்டே இருப்போமே, கடைசியில பத்து கேள்விக்கு பதில் சொன்னா ஒரு சர்டிபிகேட். அதுல இருந்து எதையாவது கத்துக்கிட்ட ஒருத்தரை நான் இன்னும் பார்க்கலை. சார்லட்ல பண்ணது அதுக்கு நேர் எதிர். அதனாலதான் இந்த எபிசோட்.

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்ப்போம். நூலக கவுன்டருக்கு வர்றவங்க புத்தகம் மட்டும் கேக்கறதில்லை. ஈமெயில் ஐடி ஆரம்பிக்கணும், ஆன்லைன்ல வேலைக்கு அப்ளை பண்ணணும், பேரன் அனுப்பின போட்டோ லிங்க்கைத் திறக்கணும். வீட்ல கம்ப்யூட்டர் இல்லாதவங்களுக்கு நூலகம்தான் இன்டர்நெட். கவுன்டர்ல உட்கார்ந்திருக்கிறவருக்கே அது புரியலைன்னா, கேக்க வந்தவர் திரும்பிப் போக வேண்டியதுதான்.

சார்லட் நூலகத்துல ஐந்நூறு பேருக்கு மேல ஊழியர்கள், பல கிளைகள்ல. எல்லாரையும் பேட்ச் பேட்ச்சா ஒரு ரூம்ல உட்கார வெச்சு ப்ரொஜெக்டர் போட்டு சொல்லிக் கொடுக்கலாம். கடைசி பேட்ச் முடியறதுக்குள்ள அந்த வெப்சைட்டோட முகப்பே மாறியிருக்கும். அங்க தொழில்நுட்பப் பிரிவைப் பார்த்துக்கிட்டிருந்த ஹெலன் ப்ளவர்ஸ் வேற வழி யோசிச்சாங்க. அதே வருஷம் ஸ்டீபன் ஏப்ரம்ங்கிற கனடா நூலகர், நூலகத் துறையில இருக்கிறவங்க முயற்சி பண்ணிப் பார்க்கக்கூடிய 43 விஷயங்கள்னு ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதை வெச்சு இவங்க 23 சின்னச் சின்ன வேலைகள் கொண்ட ஒரு பட்டியல் போட்டாங்க. ஒன்பது வாரம். கட்டாயம் கிடையாது. வகுப்பு கிடையாது. ட்ரெய்னரும் கிடையாது.

ஒரு பிளாக் ஆரம்பி. ஃப்ளிக்கர்ல போய்ப் பாரு. ஆர்எஸ்எஸ் ஃபீடு சேர்த்துப் பாரு. விக்கியில ஒரு வரி எழுது. பாட்காஸ்ட் கேளு. ஒவ்வொண்ணையும் செஞ்சு பார்த்துட்டு, என்ன தோணுச்சுன்னு உன் பிளாக்ல எழுது. இவ்வளவுதான் சிலபஸ். எல்லாத்தையும் முடிச்சவங்களுக்கு ஒரு எம்பி-3 பிளேயர் பரிசு, குலுக்கல்ல லேப்டாப். பரிசு ஆசை காட்டித்தான் இழுத்தாங்கன்னு சிலர் சொல்வாங்க. இருக்கட்டுமே.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்த பிளாக்தான். கோட் எழுதறவங்களுக்கு கமிட் ஹிஸ்டரி மாதிரி அது. யார் எதுவரைக்கும் வந்திருக்காங்கன்னு தனியா அட்டெண்டன்ஸ் எடுக்க வேண்டியதில்லை, பிளாக்கைப் பார்த்தாலே போதும். பக்கத்துக் கிளையில இருக்கிறவர் அதே இடத்துல மாட்டிக்கிட்டு எப்படி வெளிய வந்தார்னு படிச்சும் தெரிஞ்சுக்கலாம். சொந்தப் பேர்ல எழுதணும்னு இல்லை, புனைபெயர் வெச்சுக்கலாம். இதைச் சாதாரணமா நினைக்காதீங்க. இருபது வருஷம் சர்வீஸ் போட்ட ஒரு நூலகர், நேத்து சேர்ந்த ஜூனியர் முன்னாடி "எனக்கு இது புரியலை"ன்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்! முகமூடி போட்டுக்கிட்டா தைரியமா தப்பு பண்ணலாம்.

முதல் வாரத்துல ஒரு வேலை, வாழ்நாள் முழுக்க கத்துக்கிறவங்களோட ஏழரைப் பழக்கங்கள்னு ஒரு டுடோரியல் பார்க்கணும். அதுல எது உங்களுக்குச் சுலபம், எது கஷ்டம்னு எழுதணும். (ஏழரைன்னதும் நம்ம ஊர்ல சிரிப்பு வரும், தெரியும்.) அந்த மிச்ச அரைப் பழக்கம் என்ன தெரியுமா? விளையாடு.

சரி, விளையாட்டுல அவங்க என்ன கத்துக்கிட்டாங்க? ஒரு உதாரணம் சொல்றேன். நூலகர்களுக்கு ஒரு புத்தகத்தை எந்தத் தலைப்புல சேர்க்கணும்ங்கிறது ஒரு தொழில் தர்மம். அதுக்குனு வரையறுத்த சொற்பட்டியல் இருக்கு, அதைத் தாண்டக் கூடாது. இந்த 23-ல டெலிஷியஸும் லைப்ரரிதிங்கும் இருந்தது. அங்க யார் வேணும்னாலும் எதுக்கு வேணும்னாலும் என்ன டேக் வேணும்னாலும் போடலாம். 'படிக்கணும்'னு ஒரு டேக், 'அம்மாவுக்கு'ன்னு ஒரு டேக். கேட்டலாக் பண்ணியே பழகினவங்களுக்கு இது குப்பை மாதிரி தெரியும். ஆனா வாசகர் புத்தகத்தை எப்படி நினைவு வெச்சுக்கிறார்ங்கிறது அந்தக் குப்பைக்குள்ளதான் இருக்கு. ஒரு பிபிடியில இதைச் சொன்னா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. தன் சொந்தப் புத்தகங்களுக்குத் தானே டேக் போட்டுப் பார்த்தாதான் இது உறைக்கும்.

பட்டியல்ல நம்ம ஊர் சமாச்சாரம் ஒண்ணும் உண்டு. பிரவுசர்லயே டாக்குமென்ட் எழுதறதைப் பழக அவங்க எடுத்துக்கிட்டது சோஹோ ரைட்டர். அப்ப கம்பெனி பேரு அட்வென்ட்நெட், கோட் எழுதினவங்க சென்னையில. கூகுள் டாக்ஸ் பேரு பரவறதுக்கு முன்னாடியே சார்லட் நூலகர்கள் சென்னை சாஃப்ட்வேர்ல டைப் அடிச்சுப் பார்த்திருக்காங்க.

ப்ளவர்ஸ் இந்தப் பாடத்திட்டத்தை கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல விட்டுட்டாங்க. யார் வேணும்னாலும் எடுத்து, மாத்தி, நடத்திக்கலாம். ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் பக்கம் இருக்கிற யாரா ப்ளென்டி நூலகம் சீக்கிரமே எடுத்துக்கிச்சு. நெதர்லாந்துல டச்சு மொழியில வந்தது. 2010-ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகர்கள் தங்களுக்குனு ஒண்ணு நடத்தினாங்க. ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டை ஃபோர்க் பண்ற மாதிரியேதான். ஆளுக்கொரு பட்டியல், ஆனா அடிப்படை விதி ஒண்ணு: நீயே செய், செஞ்சதை எழுது.

இப்ப அந்த ஒரிஜினல் பட்டியலை எடுத்துப் பார்த்தா பாதி மயானம் மாதிரி இருக்கும். டெலிஷியஸ் 2017-ல கைமாறி, புதுசா எதுவும் சேர்க்க முடியாத பழைய பெட்டி ஆயிடுச்சு. டெக்னோரட்டி பிளாக் தேடறதையே விட்டுடுச்சு. ரோல்யோ, ப்ளாக்லைன்ஸ் பேரெல்லாம் உங்கள்ல யாருக்காவது தெரியுமா? அப்ப அந்த ஒன்பது வாரம் வீணான்னா, இல்லை. ஆர்எஸ்எஸ்னா என்னன்னு அன்னைக்குப் புரிஞ்சுக்கிட்டவருக்கு பாட்காஸ்ட் எப்படி வருதுன்னு விளக்கவே வேண்டாம். இந்த எபிசோடும் உங்க ஆப்புக்கு ஆர்எஸ்எஸ் ஃபீடு வழியாத்தான் வந்து சேருது. பட்டன் எங்க இருக்குன்னு மனப்பாடம் பண்ணவங்களுக்குத்தான் கருவி செத்ததும் எல்லாம் போச்சு.

ஆனா ஒரு குறை சொல்லியே ஆகணும். 23-ல தனியுரிமைக்குனு ஒரு வேலைகூட ஒதுக்கலை. இத்தனைக்கும் அதே காலகட்டத்துல கனெக்டிகட் மாநிலத்துல நாலு நூலகர்கள், நூலகக் கம்ப்யூட்டரை யார் பயன்படுத்தினாங்கன்னு எஃப்பிஐ கேட்டதுக்குத் தர முடியாதுன்னு கோர்ட்டுக்கே போனாங்க. இந்த விஷயத்தைப் பத்தி வெளிய வாயே திறக்கக் கூடாதுன்னு அவங்களுக்குத் தடை. 2006-லதான் அது நீங்கிச்சு. வாசகர் என்ன படிக்கிறார்ங்கிறது ரகசியம்னு இப்படி நின்ன ஒரு தொழில்ல, "சைன்-அப் பண்ணு, விளையாடு"ன்னு சொல்லும்போது "உன்கிட்ட இருந்து அது என்ன எடுத்துக்குது பாரு"ன்னும் சொல்லியிருக்கலாம். அன்னைக்கு வெப் மேல எல்லாருக்குமே கொஞ்சம் காதல் மயக்கம்.

இன்னைக்கு நூலக கவுன்டர்லயும் நம்ம ஆபீஸ்லயும் அதே இடத்துல ஏஐ கருவிகள் வந்து நிக்குது. மறுபடியும் வெபினார், மறுபடியும் சர்டிபிகேட். உங்க டீம்ல இதை வேற மாதிரி பண்ணணும்னா மேனேஜர்கிட்ட முதல்ல பட்ஜெட் கேக்காதீங்க, நேரம் கேளுங்க. வாரத்துக்கு ஒரு மணி நேரம், வேலை நேரத்துக்குள்ள, காலண்டர்ல பிளாக் பண்ணி. வீட்டுக்குப் போய் கத்துக்கோன்னு சொன்னா, வீட்ல குழந்தையோ வயசானவங்களோ இல்லாதவங்க மட்டும்தான் கத்துக்குவாங்க. அப்புறம் செஞ்சு பார்த்ததை எழுத ஒரு இடம், புனைபெயரோட. சின்ன வேலையா ஒரு ஏழெட்டு போதும். அதுல ஒண்ணு, அந்தக் கருவியோட பிரைவசி பாலிசியை உட்கார்ந்து படிக்கிறதா இருக்கட்டும்.