உங்களுக்குத் தெரியுமா? செயலிக்கும் உண்டு ஒப்பனை அறை!

செல்போன் செயலியின் நிறம், எழுத்தின் அளவு, பட்டனின் வளைவு எல்லாமே யாரோ ஒரு டெவலப்பர் நிரலில் தட்டிய வரிகள்தான். அந்த ஒப்பனை அறைக்குள் ஓர் எட்டு எட்டிப் பார்ப்போமா?

● சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை தலா 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள்! நிரலில் இவற்றை 16-அடிமான எண்ணில் ஆறு இலக்கமாக எழுதுவார்கள். #000000 கருப்பு. #800000 மெரூன், அதில் வரும் 80-க்கு நம் கணக்கில் 128 என்று பொருள்.

● ஆறுக்கு முன்னால் இன்னும் இரண்டு இலக்கம் சேர்த்தால், நிறம் எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதைச் சொல்லலாம். ஆண்ட்ராய்டில் #80000000 என்பது பாதி ஊடுருவும் கருப்பு. 'நிச்சயமாக அழிக்கவா?' என்று ஒரு பெட்டி எழும்பும்போது பின்திரை மங்குகிறதே, அந்த நிழல் இந்த ரகம்தான். வலைப்பக்கத்தில் அதே இரண்டு இலக்கம் கடைசியில் வரும்.

● 'ஃப்ளட்டர்' என்ற கருவித்தொகுப்பில் செயலி எழுதப் பழகுகிறவர்கள் பலர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடமும் இதுதான். அந்த முதல் இரண்டு இலக்கத்தை எழுத மறந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. எழுத்து திரையில் இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. நிறம் முழுக்க ஊடுருவும் நிறமாகிவிட்டதே காரணம்.

● ஆண்ட்ராய்டில் அளவைப் பிக்சலில் எழுத மாட்டார்கள். 'டிபி' என்ற அலகில் எழுதுவார்கள். அங்குலத்துக்கு 160 புள்ளிகள் உள்ள திரையில் 1 டிபி என்பது 1 பிக்சல். 480 புள்ளிகள் உள்ள திரையில் 3 பிக்சல். போன் மாறினாலும் விரலுக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய அதேதான். தொடும் பட்டன் குறைந்தது 48 டிபி இருக்க வேண்டும் என்கிறது கூகுள். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்வது 44 பாயின்ட்.

● எழுத்துக்கு மட்டும் தனி அலகு: 'எஸ்பி'. பாட்டி செட்டிங்ஸுக்குப் போய் எழுத்தைப் பெரிதாக்கினால், எஸ்பியில் எழுதியது வளரும். டிபியில் எழுதியது அசையாமல் நிற்கும். 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14 எழுத்தை 200% வரை வளர்க்க விடுகிறது. ஏற்கெனவே பெரிதாக உள்ள தலைப்புகள் மட்டும் அந்த அளவுக்கு ஊதாது.

● கைதேர்ந்தவர்கள் ஒவ்வொரு திரையிலும் 'சிவப்பு' என்று எழுத மாட்டார்கள். 'பிழை நிறம்', 'பின்னணி நிறம்' என்று வேலையின் பெயரைச் சொல்லி, நிறத்தை 'தீம்' என்ற ஒரே இடத்தில் வைப்பார்கள். நாளை நிறம் மாறினால் திருத்த வேண்டியது ஒரு வரிதான். ஃப்ளட்டரில் ஒரே ஒரு 'விதை நிறம்' கொடுத்தாலே போதும், அதற்கு ஒத்துப்போகும் நிறக் குடும்பம் முழுவதும் தானே விளைந்துவிடும். 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 அந்த விதையை உங்கள் வால்பேப்பரிலிருந்தே எடுத்துக்கொள்ளக் கற்றது.

● ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 இரண்டும் டார்க் மோடைக் கொண்டுவந்தது ஒரே ஆண்டில், 2019-இல். ஆண்ட்ராய்டில் இதற்குத் தந்திரம் ஒரு ஃபோல்டர்தான். நிறங்களை எழுதி வைக்கும் 'வேல்யூஸ்' ஃபோல்டருக்குப் பக்கத்தில் 'வேல்யூஸ்-நைட்' என்று இன்னொன்று வைத்து, அதே பெயருக்கு வேறு நிறம் கொடுத்தால் போதும். எது வேண்டுமோ போனே எடுத்துக்கொள்ளும்.

● டார்க் மோடுக்குக் கூகுளின் மெட்டீரியல் டிசைன் பரிந்துரைத்த பின்னணி அட்டக் கருப்பு அல்ல. #121212 என்ற அடர் சாம்பல். முழுக் கருப்பில் நிழல் விழுந்தாலும் தெரியாதே!

● டார்க் மோட் போட்டால் பேட்டரி கொட்டிக்கொண்டு மிச்சமாகுமா? ஓஎல்இடி திரைகளில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021-இல் அளந்து பார்த்தது. வெளிச்சம் 30 முதல் 50% வரை இருக்கும்போது சராசரி மிச்சம் 3 முதல் 9% மட்டுமே. வெளிச்சத்தை முழுக்க ஏற்றினால்தான் 39 முதல் 47% வரை.

● வெள்ளைத் தாளில் சாம்பல் எழுத்து அழகுதான். படிக்க முடிய வேண்டுமே! எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி விகிதம் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அளவுகோல். கருப்புக்கும் வெள்ளைக்கும் இது 21:1. வெள்ளைப் பின்னணியில் #767676 சாம்பல் 4.54 வாங்கித் தேறிவிடும். கண்ணுக்கு அதே நிறமாகத் தெரியும் #777777 வாங்குவது 4.48. ஃபெயில்!

● தமிழுக்கென 'வேல்யூஸ்-டிஏ' ஃபோல்டர் வைத்து மொழிபெயர்த்துவிட்டால் வேலை முடிந்ததா? ஆங்கிலத்தில் ஆறே எழுத்தில் அடங்கும் 'சப்மிட்', தமிழில் 'சமர்ப்பிக்கவும்' என்று நீளும். பட்டனின் அகலத்தை ஆங்கிலத்துக்கு அளந்து ஆணியடித்திருந்தால் திரையில் மிஞ்சுவது 'சமர்ப்...' மட்டுமே. உயரத்தையும் இறுக்கினால் மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'மூ'வின் வாலும் நறுக்கப்படும். உள்ளே இருக்கும் சொல்லுக்கேற்ப பட்டன் விரிய விடுவதே வழி.

● திரையின் உச்சியில் மணியும் பேட்டரியும் தெரியும் பட்டைக்கு நிறம் கொடுக்க ஆண்ட்ராய்டில் ஒரு வரி உண்டு. 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15-க்கென எழுதப்படும் செயலிகளில் அந்த வரி பலிக்காது. செயலியே விளிம்புவரை நீண்டு, பட்டைக்குப் பின்னாலும் விரிந்துவிடும்.

செயலி எழுதுகிறவரா நீங்கள்? போனில் டார்க் மோட் போடுங்கள், எழுத்தை உச்சத்துக்கு ஏற்றுங்கள், மொழியைத் தமிழாக்குங்கள். பிறகு உங்கள் செயலியைத் திறங்கள். அதிலும் எல்லா எழுத்தும் வெட்டுப்படாமல் படிக்கக் கிடைத்தால், ஒப்பனை கச்சிதம்!